போனில் போட்ட பட்டியல் முழுக்கச் சிவப்பாகிவிட்டது: காலேஜ் வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்துகிறீர்கள்?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, காலேஜ் கும்பகோணத்தில். போக வர இரண்டரை மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அதற்கும் மேல்.

ஜூலையில் கூகுள் டாஸ்க்ஸ் என்ற வேலைப்பட்டியல் ஆப்பை இறக்கினேன். வகுப்பில் எது சொன்னாலும் உடனே அதில் ஏற்றிவிடுவேன். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இப்போது திறந்தால் 43 வேலை நிற்கிறது, அதில் 29 தேதி தாண்டிச் சிவப்பாக இருக்கிறது. பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதனால் ஒரு வாரமாகத் திறக்கவே இல்லை. அந்த வாரத்தில் என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் பாடம்) அசைன்மென்ட் ஒன்று போய்விட்டது. போன மாதமும் ஒன்றை விட்டிருக்கிறேன். லேபில் செய்த சோதனைகளை எழுதி ஒப்படைக்கும் ரெக்கார்டு நோட்டில் ஐந்து சோதனை எழுதாமல் கிடக்கிறது, அக்டோபர் கடைசியில் பிராக்டிகல்.

எங்கள் வீட்டில் காலேஜ் போகும் முதல் பெண் நான்தான். இதையெல்லாம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. ஆப் சரியில்லையா, நான் பயன்படுத்தும் விதம் சரியில்லையா? வேறு எதற்காவது மாறலாமா?

மாயவரம் மாணவி

மைக்ரோசாஃப்ட் டு டூ-வுக்கு மாறிப் பாருங்கள். இலவசம்தான். அதில் 'மை டே' என்று ஒரு பக்கம் இருக்கிறது. தினமும் காலையில் அது காலியாக இருக்கும். மொத்தப் பட்டியலிலிருந்து இன்றைக்கு முடிகிற நான்கைந்தை மட்டும் நாமே எடுத்துப் போட வேண்டும். முடியாமல் போனால் இரவோடு அந்தப் பக்கம் துடைத்துவிடும், வேலை மட்டும் அதன் பட்டியலில் பத்திரமாக இருக்கும். 43-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதில்லை.

பழைய டைரி

நான் படிக்கிறபோது வுண்டர்லிஸ்ட் என்ற ஆப்தான் வைத்திருந்தேன். 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடியே விட்டார்கள். மாயவரம் மாணவி சொல்லும் ஆப் அதன் இடத்துக்கு வந்ததுதான். ஒரு ஆப்பை நம்பி எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து வைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். செமஸ்டர் தேதிகளாவது வேறு ஒரு இடத்திலும் இருக்கட்டும்.

கொள்ளிடம் வடகரை

ஆப் மாற்றுவதற்கு முன்னால், அந்த 43-இல் ஒரு பத்தை அப்படியே இங்கே எழுதுங்கள். எப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். சீர்படுத்த வேண்டாம், இருக்கிறபடியே போடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

சரி, அப்படியே தருகிறேன்:

ரெக்கார்டு
செமினார்
என்பிடெல்
தமிழ் அசைன்மென்ட்
இயற்பியல் அலைடு யூனிட் 2
பிரிண்ட் அவுட்
இன்டர்னல் 2 படிக்கணும்
மேடம் கேட்டது
ஸ்காலர்ஷிப்
கிராஃப்

'மேடம் கேட்டது' எதுவென்று எனக்கே இப்போது ஞாபகம் இல்லை.

தலைமடைக்காரி

தங்கச்சி, நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவள். அதே ரெக்கார்டு நோட்டை ஐந்து வருஷம் சுமந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பத்தில் வேலை என்று சொல்லக்கூடியது ஒன்றுகூட இல்லை. எல்லாமே தலைப்பு. தலைப்பைக் கையால் செய்ய முடியாது. பஸ் விட்டு இறங்கி, சாப்பிட்டுவிட்டு, இரவு 8 மணிக்கு அலுத்துப்போய் உட்காரும் ஒரு பெண் 'ரெக்கார்டு' என்ற சொல்லைப் பார்த்து என்ன செய்வாள்? எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனைதான் களைப்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைப்பாள். நானும் அதைத்தான் செய்தேன்.

ரெக்கார்டையே எடுத்துக்கொள்வோம். பெர்மாங்கனேட்டை வைத்து ஃபெரஸ் சல்பேட்டின் அளவு காணும் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன என்ன இருக்கிறது? லேபிலேயே குறித்துக்கொள்ளும் அப்சர்வேஷன் நோட்டில் ப்யூரெட் அளவுகள் இருக்கின்றனவா, அதில் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் ரெக்கார்டு எழுதி எந்தப் பயனும் இல்லை. பிறகு வலது பக்கம் நோக்கம், கொள்கை, செய்முறை. இதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இடது பக்கம் பென்சிலில் அட்டவணை, இரண்டு டைட்ரேஷனின் கணக்கு, விடை. அது இன்னொரு 20 நிமிடம். கடைசியாக இன்டெக்ஸில் தேதி, சோதனையின் பெயர், பக்க எண். அப்புறம் மேடத்திடம் கையெழுத்து.

இவை ஐந்தும் ஒரே இடத்தில் நடப்பவை இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்சர்வேஷன் நோட்டைப் புரட்டிப் பார்ப்பது பஸ்ஸிலேயே முடியும். செய்முறை எழுத மேஜை வேண்டும், குலுங்காத இடம் வேண்டும். கையெழுத்துக்கு மேடம் டிபார்ட்மென்டில் இருக்கும் நேரம் வேண்டும். 'ரெக்கார்டு' என்று ஒற்றை வரி போட்டால் பஸ்ஸில் இருக்கும்போதும் அது உங்களை முறைக்கும், வீட்டிலும் முறைக்கும்.

அதனால் நான் பாடத்தின் பெயரில் பட்டியல் வைப்பதை விட்டுவிட்டேன். பஸ், மேஜை, காலேஜ், கடை என்று இடத்தின் பெயரில் நான்கு பட்டியல் வைத்தேன். கடை என்றால் ஜெராக்ஸ், பிரிண்ட், கிராஃப் ஷீட், ரெக்கார்டுக்கு அட்டை. பஸ் ஏறினால் பஸ் பட்டியலை மட்டும் திறப்பேன். உங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் இருக்கிறது. என்பிடெல் வீடியோவை வீட்டு வைஃபையிலோ காலேஜிலோ இறக்கி வைத்துக்கொண்டால் கேட் போட்ட நேரத்தில்கூட ஒன்று பார்த்துவிடலாம்.

இதை கூகுள் டாஸ்க்ஸிலேயே செய்யலாம். அதில் தனித்தனிப் பட்டியல் உண்டு, ஒரு வேலைக்குள் சிறு வேலைகளும் போடலாம். ஆப்பை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு வரி எழுதும்போது வினைச்சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'கிராஃப்' என்பதற்குப் பதில் 'இயற்பியல் கிராஃப் ஷீட் 5 வாங்க' என்று எழுதியிருந்தால், காந்தி பார்க் பக்கம் இறங்கும்போதே வாங்கியிருப்பீர்கள்.

மாயவரம் மாணவி

அக்கா சொல்வது ரெக்கார்டுக்குப் பொருந்தும். ஆனால் இன்டர்னலுக்குப் படிக்கும்போது பாடவாரியாக இருந்தால்தான் எந்தத் தாளில் எவ்வளவு பாக்கி என்று தெரிகிறது. நான் மை டே பக்கத்தில் இடத்தையும், உள்ளே இருக்கும் பட்டியல்களில் பாடத்தையும் வைத்திருக்கிறேன்.

தலைமடைக்காரி

அதுவும் நல்ல வழிதான். யூனிட் கணக்குக்குப் பாடவாரிப் பட்டியல் தேவைப்படும், மறுக்கவில்லை.

சம்பா 1009

நான் பி.எஸ்சி. கணிதம், திருவாரூர் பக்கம். வீட்டில் விவசாயம். தேதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

என் அப்பா நோட்டும் வைப்பதில்லை, போனிலும் எழுதுவதில்லை. ஆனால் ஒரு வருஷம்கூட நாள் தவறியதில்லை. அவர் அறுப்பிலிருந்து பின்னால் எண்ணுவார். சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் போடுவதென்றால் 155 முதல் 160 நாள் பயிர். தையில் அறுக்க வேண்டுமென்றால் ஆவணியில் விதை விட்டாக வேண்டும். அதற்கு முன் நாற்றங்கால் உழுது கிடக்க வேண்டும், அதற்கு முன் ஆற்றில் தண்ணீர் வர வேண்டும். அவர் மனதில் இருக்கிற தேதி அறுக்கிற தேதி இல்லை, விதை விடுகிற தேதிதான்.

நாம் ஆப்பில் போடுவது என்ன? ஒப்படைக்கிற தேதி. 'செமினார் அக்டோபர் 10' என்று போட்டால் 10-ஆம் தேதிதான் மணி அடிக்கும். அன்றைக்கு எழுந்து என்ன செய்வது? விதை விடாத வயலுக்கு அறுப்பு மிஷினைக் கூப்பிட்ட மாதிரி. நான் இப்போது டியூ டேட் பெட்டியில் தொடங்கும் தேதியைத்தான் போடுகிறேன். ஒப்படைக்கும் தேதியை வேலையின் பெயரிலேயே எழுதிவிடுவேன்: 'செமினார் (10-ந் தேதி) தலைப்புக்கு மூன்று புத்தகம் லைப்ரரியில் எடு'. தேதி பெட்டியில் செப்டம்பர் 22.

இன்னொன்று. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம், ஆனால் எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. தாமதமானால் அப்பா 1009-ஐப் பிடித்துக்கொண்டு அழ மாட்டார். 135 நாள் ரகத்துக்கு மாறிவிடுவார். உங்கள் 29 சிவப்புக்கும் அதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். நாள் போய்விட்டது, இருக்கிற நாளுக்குள் எது விளையுமோ அதை நடுங்கள். செமினாருக்கு 30 ஸ்லைடு திட்டமிட்டிருந்தால் 12 ஆக்குங்கள்.

கொள்ளிடம் வடகரை

சம்பா 1009, தொடங்கும் தேதியைப் பெட்டியில் போடும் யோசனையை இன்றே எடுத்துக்கொள்கிறேன்.

வெண்ணாற்றங்கரைக்கு ஒரு ஆறுதல். 12 வார என்பிடெல் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரியைத்தான் 25 மதிப்பெண்ணுக்கு எடுப்பார்கள், மீதி 75 நேரடித் தேர்வு. நீங்கள் விட்டது இரண்டு. அசைன்மென்ட் போடக் கடைசி நாள் புதன்தானே, இனி வரும் புதன்களை விடாமல் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் புதன் இரவு 11.59 வரை இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஞாயிறு காலை வாராவாரம் திரும்ப வருகிற மாதிரி ஒரு வேலை போட்டுவிடுங்கள், டாஸ்க்ஸில் அந்த வசதி உண்டு.

கரும்பலகை

கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் இரண்டு விஷயம்.

மாணவர்கள் சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போடுகிறார்கள் என்று நாங்களே பல நேரம் தவறாக நினைக்கிறோம். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே தப்பாகப் போனாலும் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கு 49 நாளுக்குள்தான் இருந்தது. அதையும் தாண்டித்தான் முடித்தார்கள். இது மனித மனத்தின் வாடிக்கை, உன் குற்றம் இல்லை அம்மா. அரை மணி நேரம் என்று தோன்றும் வேலைக்கு 50 நிமிடம் ஒதுக்கி வை. ஒரு சோதனையை எழுத உனக்கு நிஜமாக எவ்வளவு ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்து அந்த வரியிலேயே எழுதிவை. அடுத்த நான்குக்கும் அதுவே அளவு.

இரண்டாவது, 'மேடம் கேட்டது' என்று எழுதிவைத்தது என்னவென்று மறந்துவிட்டால் நேரே வந்து கேட்டுவிடு. கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் என் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்து ரெக்கார்டையும் கடைசி நாள் மொத்தமாக நீட்டாமல், வாரம் இரண்டாகக் கொண்டு வந்தால் நாங்களும் நின்று திருத்திக் கொடுக்க முடியும். தியரித் தாளுக்கு உள்மதிப்பீட்டில் இருக்கும் 25 மதிப்பெண் முழுக்க மாணவர் கையில் இருக்கிறது. அது தேர்வு மண்டபத்தில் கிடைப்பதில்லை, இந்த மாதிரிச் சின்னச் சின்ன நாட்களில்தான் சேர்கிறது.

கடைமடை

நான் சொல்வது கொஞ்சம் மாறுபட்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு போன். தம்பி பாலிடெக்னிக், நான் பி.காம்., அப்பா மீன் ஏலத்துக்குப் போகும்போது போன் அவரிடம். மணி அடித்து நினைவூட்டும் என்று நீங்கள் சொல்லும்போது அது அடிக்கிற நேரத்தில் போன் என் கையில் இருக்காது. இருந்தாலும் எங்கள் போனில் பேட்டரி சேமிப்பு வசதி பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடுவதால், நினைவூட்டல் மறுநாள் வந்த அனுபவம் உண்டு. (செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிறது. எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.)

இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பள்ளியில் படித்தேன். வேதாரண்யம் பக்கத்தில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடி நடந்தோம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் இன்டர்னல், மாடல், செமஸ்டர் எல்லாம் வரிசையாக வரும் காலம். பட்டியல் போனில் மட்டும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் செய்வது இது. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு, அதில்தான் எழுதுவேன். ஞாயிறு இரவு போன் கிடைக்கும்போது அந்த வாரப் பக்கத்தைப் படம் எடுத்து கூகுள் கீப் என்ற குறிப்பு ஆப்பில் போட்டு, தம்பிக்கும் நண்பன் ஒருவனுக்கும் பகிர்ந்து வைப்பேன். நோட்டு நனைந்தால் படம் இருக்கும், போன் அணைந்தால் நோட்டு இருக்கும்.

தலைமடைக்காரி

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகுதான் நான் எல்லோருக்கும் சொந்தப் போன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதியது உறைத்தது. உங்கள் நோட்டிலும் அந்த நான்கு இடத்துக்கு நான்கு மூலை ஒதுக்கலாம்.

மழை லீவு பற்றி ஒன்று. காலை 6 மணிக்குக் கலெக்டர் விடுமுறை அறிவிப்பு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது பட்டியலைத் திறந்து காலேஜ் பட்டியலில் இருப்பதை மட்டும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுவது. மேஜை வேலையைத் தள்ள வேண்டாம். எனக்கு முழு ரெக்கார்டும் முடிந்தது இரண்டு மழை நாளில்தான், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில்.

பழைய டைரி

வாட்ஸ்அப் குரூப்பில் வரும் அறிவிப்பை எப்படிப் பட்டியலுக்குக் கொண்டு வருகிறீர்கள்? எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலரும் அங்கேதான் தவறவிடுகிறார்கள்.

மாயவரம் மாணவி

எங்களுக்கு ஆறு குரூப். பார்த்ததும் அந்த மெசேஜுக்கு நட்சத்திரம் போட்டுவிடுவேன், வேறொன்றும் செய்ய மாட்டேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நட்சத்திரம் போட்டவற்றைத் திறந்து ஒவ்வொன்றையும் வேலையாக மாற்றி எழுதி, நட்சத்திரத்தை எடுத்துவிடுவேன். பத்து நிமிடம்கூட ஆகாது. கூகுள் கிளாஸ்ரூமில் தேதியோடு கொடுத்தால் அது காலண்டரில் தானாகவே வந்துவிடும், அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 43-ஐயும் ஒரு தாளில் எழுதினேன். 14 ஏற்கனவே முடிந்தவை, டிக் செய்யாமல் விட்டிருக்கிறேன். 6 எனக்குத் தேவையே இல்லாதவை. அழித்தபோது கை நடுங்கியது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் 23-ஐத்தான் பஸ், மேஜை, காலேஜ், கடை என்று பிரித்தேன். 'மேடம் கேட்டது' என்னவென்று மேடத்திடமே கேட்டேன். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் நகல். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு நாள் கொடுத்தார்கள்.

கடிகாரம் பார்த்தேன் சார். ஒரு சோதனையை எழுத எனக்கு 1 மணி 10 நிமிடம் ஆகிறது. அக்காவுக்கு ஆகும் நேரத்தைவிட அதிகம்தான், ஆனால் இப்போது அது தெரிந்துவிட்டதால் ஒரு இரவில் மூன்று எழுதலாம் என்று நினைத்து ஏமாறுவதில்லை. செவ்வாய், வெள்ளி ஒவ்வொன்று. மூன்று முடிந்து கையெழுத்தும் வாங்கியாயிற்று. நான்காவதில் இடது பக்கக் கணக்கு பாக்கி. என்பிடெல்லில் மூன்று வாரமும் ஞாயிறே போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தொடங்கும் தேதியைப் பெட்டியில் போட்டதும், அது தாண்டினால் மறுபடியும் சிவப்பாகிறது. நடவு நாட்களில் வீட்டு வேலையில் இரண்டு நாள் அப்படி ஆனது.

சம்பா 1009

அது சிவப்பானால் பயப்பட வேண்டாம், ஒப்படைக்கும் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பெயரில் எழுதிய தேதியைப் பாருங்கள். நான் ஒரு வேலையை இரண்டு முறைதான் தள்ளுவேன். மூன்றாம் முறை தள்ளத் தோன்றினால் அதை இன்னும் சின்னதாக வெட்டுவேன், பெரும்பாலும் முதல் துண்டு அன்றைக்கே முடிந்துவிடும்.

வெண்ணாற்றங்கரை

சரி, அப்படியே செய்கிறேன். என்னோடு வலங்கைமானில் ஏறுகிற தோழிக்கு ஆறு சோதனை பாக்கியாம். அவளிடம் போன் இல்லை, நாளைக்கு ஒரு குட்டி நோட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போதே அவள் பட்டியலை நான்கு மூலையாகப் பிரித்துவிடுவோம்.